டிவியை இரண்டாவது மானிட்டராக்கினால் எழுத்து மட்டும் ஏன் மங்குகிறது?

#1 ஓரத்திரை

43 இன்ச் 4கே டிவி. லேப்டாப்பில் இருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இரண்டாவது திரை. ஒரு பாதியில் விரிதாள், மறு பாதியில் கோட் எடிட்டர். வீடியோ ஓட்டினால் குறையே சொல்ல முடியாது. மற்றதில் மூன்று தொல்லை:

டாஸ்க்பாரில் பாதி டிவியின் சட்டத்துக்குள் போய்விடுகிறது. எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் வாசிக்கவே முடியவில்லை. மவுஸ் அம்பு கைக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது.

விண்டோஸ் 11, இன்டெல் 8ஆம் தலைமுறை, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. டிவியே இப்படித்தானா, இல்லை செட்டிங்கில் சரியாகுமா?

#2 பிக்சல்பித்தன்

பெரும்பாலும் செட்டிங்தான். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. வரிசையாகப் போங்கள். முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதில் கைவைத்தால் எது எதனால் மாறியது என்றே தெரியாது.

ஓரம் வெட்டுப்படுவதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன். பிக்சர் டியூப் காலத்தில் படத்தின் விளிம்பு பெட்டிக்குப் பெட்டி கோணலாக இருக்கும். அதனால் படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி விளிம்பைச் சட்டத்துக்குள் ஒளித்தார்கள். எல்சிடி வந்த பிறகு அதற்குத் தேவையே இல்லை, ஆனாலும் நிறைய டிவிகளில் இன்னும் அதுதான் இயல்புநிலை. இதில் இழப்பு ஓரம் மட்டும் இல்லை. கணினி அனுப்பும் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் உட்காராமல் பக்கத்துப் பிக்சலுக்கும் கொஞ்சம் பரவுகிற மாதிரி ஆகிவிடும். எழுத்து மங்குவதற்கு முதல் காரணம் இதுவே.

சரிசெய்ய வேண்டிய இடம் டிவியின் படமெனு. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்'. வேறு கம்பெனிகளில் 'டாட் பை டாட்', '1:1', 'ஒரிஜினல்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். கிராபிக்ஸ் டிரைவரில் படத்தைச் சுருக்கும் ஒரு நகர்த்தி உண்டு, அதைத் தொடாதீர்கள். டிரைவர் சுருக்கி, டிவி பெருக்கி, ஒரே படம் இரண்டு முறை அரைபடும். ஓரம் தெரியும், எழுத்து இன்னும் மோசமாகும்.

வெள்ளைக் கோடு ஷார்ப்னஸ் செய்கிற வேலை. தூரத்தில் இருந்து பார்க்கிற வீடியோவுக்காக எல்லைகளை டிவி செயற்கையாகத் தடிமனாக்குகிறது. நடுத்தரச் சாம்பல் பின்னணியில் ஒரு பிக்சல் தடிமனுள்ள கறுப்புக் கோடுகளைப் பெயிண்டில் வரைந்து 100 சதவீத அளவில் வையுங்கள். கோட்டை ஒட்டிய வெள்ளை மறையும் வரை ஷார்ப்னஸைக் குறையுங்கள், மறைந்ததும் நிறுத்துங்கள். எல்லா டிவியிலும் பூஜ்யம் சரி என்று நினைக்க வேண்டாம். சோனியில் 50தான் எதுவும் சேர்க்காத நிலை, அதற்குக் கீழே போனால் வேண்டுமென்றே மங்கலாக்கும்.

மூன்றாவதாக, டிவியிடம் 'இது கணினி' என்று சொல்ல வேண்டும். சாம்சங், எல்ஜி இரண்டிலும் இன்புட் பட்டியலைத் திருத்தி அந்த எச்டிஎம்ஐக்குப் பிசி என்ற அடையாளம் கொடுக்கலாம். பெயர் மாற்றம் போலத் தெரியும், உண்மையில் டிவியின் உள்வேலையே மாறுகிறது. சோனியில் 'கிராபிக்ஸ்' என்ற படநிலை. இதைச் செய்யாத வரை பல டிவிகள், முழு நிறத்தோடு சிக்னல் வந்தாலும், உள்ளே நிறத்தைப் பாதியாக்கித்தான் காட்டும். சிவப்பு எழுத்து சிதைவது அதனால்தான். இரைச்சல் நீக்கம், மோஷன் மென்மையாக்கம் எல்லாம் இதோடு சேர்ந்து அணைந்துவிடும், மவுஸ் தாமதமும் கொஞ்சம் குறையும்.

#3 கம்பிக்காரன்

டிவி பக்கம் பிக்சல்பித்தன் சொல்லிவிட்டார். மவுஸ் இழுபடுவதில் லேப்டாப்புக்கும் பங்கு இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் டிவியைத் தேர்ந்தெடுத்து ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது) என்ன என்று பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 10ஆம் தலைமுறையின் ஐஸ் லேக் வரும் முன் இருந்த இன்டெல் உள்ளமை கிராபிக்ஸில் நேரடி எச்டிஎம்ஐ 1.4 வரைதான். சில லேப்டாப்களில் கம்பெனியே தனிச் சிப் வைத்து 2.0 ஆக்கியிருப்பார்கள், எல்லாவற்றிலும் இல்லை.

கணக்கு இது. 4கே 60 ஹெர்ட்ஸ், ஒரு நிறத்துக்கு 8 பிட், முழு நிறம்: கம்பியில் நொடிக்கு 17.82 கிகாபிட். எச்டிஎம்ஐ 1.4இன் கொள்ளளவு 10.2, 2.0இன் கொள்ளளவு 18, 2.1இன் கொள்ளளவு 48. ஆக 1.4இல் இரண்டே வழி. ஒன்று, 30 ஹெர்ட்ஸுக்கு இறங்குவது. அப்போது ஒரு பிரேமுக்கு 33 மில்லிசெகண்ட், மவுஸ் தத்தித் தத்தித்தான் போகும். இன்னொன்று, 60ஐ வைத்துக்கொண்டு நிறத்தை 4:2:0 ஆகக் குறைப்பது. சில கிராபிக்ஸ் கார்டுகள் கேட்காமலே இதைச் செய்துவிடும். 4:2:0 என்றால் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல். வெளிச்சத் தகவல் மட்டும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக வரும். வெள்ளையில் கறுப்பு எழுத்து தப்பித்துவிடும், கறுப்பில் சிவப்போ நீலமோ என்றால் கரைந்துவிடும். சினிமா முழுக்க இப்படித்தான் வருகிறது, அங்கே யாருக்கும் தெரிவதில்லை.

2.0இலும் ஒரு பொறி இருக்கிறது. 17.82 என்பது 18ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, பார்த்தீர்களா? டிரைவரில் 10 பிட் என்று மாற்றினால் 22ஐத் தாண்டும், உடனே 4:2:2க்கு (இரண்டு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்) இறங்கிவிடும். அதிகப் பிட் என்றால் அதிகத் தெளிவு என்று நினைத்து அதைத் தொடுபவர்கள் நிறைய. மேசை வேலைக்கு ஆர்ஜிபி (முழு நிறம்), 8 பிட். அதோடு நிறுத்துங்கள்.

டிவியிலும் ஒரு பூட்டு உண்டு. சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. சில டிவிகளில் வெறுமனே எச்டிஎம்ஐ 1.4 / 2.0 என்று தேர்வு இருக்கும். அதைத் திறந்தால்தான் 60 ஹெர்ட்ஸ் முழு நிறம் தன்னால் முடியும் என்று டிவி கணினிக்குச் சொல்லும். எல்லா சாக்கெட்டிலும் வராது. சாக்கெட் அருகே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

#4 ஓரத்திரை

30 ஹெர்ட்ஸேதான். பிசி அடையாளம் கொடுத்ததும் சிவப்பு எழுத்து தெளிந்துவிட்டது, ஓரமும் சரி. மவுஸ்தான் பாக்கி. லேப்டாப்பில் டைப்-சி ஒன்று இருக்கிறது, பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. அதில் இருந்து எடுக்கலாமா?

#5 கம்பிக்காரன்

குறி இல்லை என்பதால் வராது என்று அர்த்தம் இல்லை. மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், அதில் கட்டாயம் படம் வரும். எதுவும் அச்சிடாவிட்டால் லேப்டாப்பின் விவரத்தாளில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி) என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லாத டைப்-சியில் எந்த அடாப்டர் செருகினாலும் படம் வராது.

ஆல்ட் மோட் இருந்தால் உங்கள் தலைமுறைக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருக்கும். நான்கு தடமும் (தரவு போகும் கம்பி இணைகள்) கிடைத்தால் 17.28 கிகாபிட், 4கே 60க்கு அது போதும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

நேரடி டைப்-சி – எச்டிஎம்ஐ கேபிளோ தனி அடாப்டரோ வாங்குங்கள், '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் '4கே' என்றால் 30தான். யுஎஸ்பி சாக்கெட், கார்டு ரீடர் எல்லாம் சேர்ந்த ஹப் வேண்டாம். யுஎஸ்பி 3 தரவுக்காக ஹப் இரண்டு தடத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டு தடத்தில் 1.2 லேப்டாப்பால் 4கே 30தான் தள்ள முடியும். ஹப்பின் அட்டையில் 60 என்று போட்டிருக்கும், அது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள லேப்டாப்புக்குச் சொன்னது.

இந்த அடாப்டர்கள் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐ முனையைக் கணினியிலும் டைப்-சி முனையை மானிட்டரிலும் செருகினால் வேலை செய்யாது.

டெஸ்க்டாப்பில் பெரிய டிஸ்ப்ளேபோர்ட் சாக்கெட்டில் இருந்து எடுப்பவர்களுக்கு: மலிவான பாசிவ் அடாப்டர் உள்ளே சிக்னலை மாற்றுவதில்லை, கார்டே எச்டிஎம்ஐ போலப் பேச வேண்டும். அதன் உச்சம் 4கே 30. 60 வேண்டுமானால் ஆக்டிவ் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

#6 மேசைவாசி

எல்லாம் சரி. ஆனால் யாரும் தூரத்தைப் பற்றிப் பேசவில்லை. கம்பியில் எவ்வளவு சுத்தமாக வந்தாலும் திரையின் அடர்த்தியை மாற்ற முடியாது.

24 இன்ச் 1080 மானிட்டரில் ஓர் இன்ச்சுக்கு 92 பிக்சல். 43 இன்ச் 4கேயில் 102, 50 இன்ச்சில் 88, 55 இன்ச்சில் 80, 65 இன்ச்சில் 68. 32 இன்ச் 1080 டிவியிலும் 69தான். 43 இன்ச் 1080 டிவி என்றால் வெறும் 51. நல்ல பார்வை உள்ளவருக்குப் பிக்சல் தனித்தனியாகத் தெரியாமல் இருக்க, 3438ஐ இந்த எண்ணால் வகுத்தால் வருகிற இன்ச் தூரம் வேண்டும். 43 இன்ச் 4கேக்கு ஏறக்குறைய 85 செ.மீ., 55க்கு 109 செ.மீ., 32 இன்ச் 1080க்கு 127 செ.மீ. சாதாரண மேசையில் கண்ணில் இருந்து திரைக்கு 60 முதல் 75 செ.மீ.தான் கிடைக்கும்.

43க்கு மேல் மேசையில் வைப்பது கழுத்துக்குக் கேடு. 43 இன்ச் படத்தின் அகலம் 95 செ.மீ., உயரம் 53 செ.மீ. அடிக்கால்கள் இரண்டு ஓரத்திலும் அகன்று நிற்பதால் மேசை ஒரு மீட்டருக்குக் குறைந்தால் நிற்காது. மானிட்டர் கைத்தாங்கிகளின் துளை 75 அல்லது 100 மி.மீ. இடைவெளி. டிவிகளில் பெரும்பாலும் 200 அல்லது அதற்கு மேல், எனவே நேரடியாகப் பொருந்தாது. எடையும் தாங்காது. சுவரில் மாட்டுவதே மேல். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தைத் தாண்டக் கூடாது.

எல்சிடியில் இரண்டு வகை உண்டு, விஏ பேனலா ஐபிஎஸ் பேனலா என்றும் பாருங்கள். கறுப்பு ஆழமாக இருப்பதால் டிவிகளில் விஏ அதிகம். ஆனால் கிட்டத்தில் உட்கார்ந்தால் மூலைகளை நீங்கள் சாய்வாகத்தான் பார்க்கிறீர்கள், அங்கே நிறம் வெளுக்கும். நடுவில் ஒரு சாம்பல், மூலையில் இன்னொரு சாம்பல்.

நாள் முழுக்க எழுத்து வேலை என்றால் மானிட்டரே வாங்குங்கள் என்பது என் கட்சி.

#7 அரைஇருட்டு

மேசைவாசியின் எண்கள் சரி, முடிவு எனக்கு ஒப்பவில்லை. நாள் முழுக்க உற்றுப் பார்க்கிற முதல் திரையாக டிவியை வைத்தால் அவர் சொல்வது சரி. இரண்டாவது திரையில் வைப்பது என்ன? சார்ட், வீடியோ கூட்டம், லாக், எப்போதாவது திரும்பிப் பார்க்கிற ஆவணம். அதற்கு ஒன்றரை மீட்டர் தள்ளி சுவரில் இருக்கும் 55 இன்ச் தாராளம். விண்டோஸ் டிஸ்ப்ளே பக்கத்தில் அளவை (ஸ்கேல்) 150 சதவீதம் ஆக்கிக்கொண்டால் போதும். விண்டோஸில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அளவு வைக்கலாம். பழைய நிரல் எதுவும் டிவிக்கு இழுத்ததும் மங்கினால் அதன் ப்ராப்பர்டீஸில் கம்பேட்டிபிலிட்டி தாவலில் டிபிஐ அமைப்பை மாற்றுங்கள்.

இங்கே இதுவரை வராத ஒன்று கறுப்பு. படம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தாலோ, இருட்டுப் பகுதிகள் எல்லாம் ஒரே கறுப்பாக அடைந்துபோனாலோ நிற எல்லை பொருந்தவில்லை. கணினி 0 முதல் 255 வரை எழுதும். டிவி உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. டிவியைக் கண்டதும் டிரைவர் சில சமயம் தானாகவே 16–235க்கு மாறும். ஒரு பக்கம் முழு எல்லையும் மறு பக்கம் குறுகிய எல்லையும் இருந்தால்தான் இந்தக் கோளாறு. என்விடியா பேனலில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' ஃபுல், ஏஎம்டியில் பிக்சல் ஃபார்மட் 'ஃபுல் ஆர்ஜிபி', இன்டெலில் 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்' ஃபுல். டிவியில் 'பிளாக் லெவல்' சாம்சங் என்றால் நார்மல், எல்ஜி என்றால் ஹை. ஆட்டோவில் விட்டால் சில நேரம் தப்பாக யூகிக்கும்.

பிறகு, டிவி தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை ஆட்டுவதை நிறுத்துங்கள். லோக்கல் டிம்மிங் (பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்வது) இருந்தால் கறுப்புத் திரையில் மவுஸ் போகும் இடமெல்லாம் பின்னால் ஒரு ஒளிவட்டம் போகும். அணைத்துவிடுங்கள். அறை வெளிச்ச உணரி, மின்சேமிப்பு, டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றும் அப்படியே. பேக்லைட்டைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள். கூடத்தின் மறுகோடியில் இருந்து பார்க்கச் செய்த வெளிச்சம் அது, ஒரு மீட்டரில் கண்ணைக் கூசும்.

எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் படமுறை) வேண்டாம். டெஸ்க்டாப் வெளுத்துத்தான் தெரியும். படம் பார்க்கும்போது மட்டும் விண்டோஸ், ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்திப் போட்டுக்கொள்ளலாம்.

ஓலெட் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை) டிவி என்றால் தனிக் கவனம். டாஸ்க்பார் தானாக மறைய வேண்டும், பின்னணி கறுப்பு, ஸ்கிரீன் சேவர் இரண்டு மூன்று நிமிடத்தில். அசையாத படம் நெடுநேரம் இருந்தால் டிவி மெல்ல மங்கலாகும், பெரிய வெள்ளைச் சாளரம் திறந்தால் மொத்த வெளிச்சமும் இறங்கும். இரண்டும் கோளாறில்லை, பேனலைக் காக்கிற ஏற்பாடு. எல்ஜி ஓலெட்கள் மொத்தம் 4 மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும், சத்தமில்லாமல் பிக்சல் சுத்தம் செய்யும். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையும் அணைக்கிற வழக்கம் இருந்தால் அது நடக்கவே நடக்காது. அதை விட்டுவிட்டு டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எழுத்தில் ஓரமாகச் சிவப்பு, பச்சை விளிம்பு தெரிந்தால் துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் தனி நிறப் புள்ளி) வரிசையைச் சந்தேகியுங்கள். சில டிவி பேனல்களில் சிவப்பு-பச்சை-நீலம் என்பதற்குப் பதில் நீலம்-பச்சை-சிவப்பு. விண்டோஸில் எழுத்தைச் சீராக்கும் கிளியர்டைப் டியூனரை ஓட்டி டிவித்திரையில் எது நன்றாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். நான்காவதாக வெள்ளையும் உள்ள ஓலெட்களில் முழுசாகப் போகாது.

#8 சின்னத்திரை32

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 32 இன்ச் 'எச்டி ரெடி' டிவி. 1080 வைத்தாலும் மங்கல், 720 வைத்தாலும் மங்கல். பிசி அடையாளம், 1:1 எல்லாம் செய்தாச்சு.

#9 பிக்சல்பித்தன்

அந்த வகை டிவியின் பேனல் பெரும்பாலும் 1366 × 768. 1080 அனுப்பினால் சுருக்கும், 720 அனுப்பினால் நீட்டும். இரண்டிலும் பிக்சல் பொருந்தாது. டிரைவரில் 1366 × 768 அல்லது 1360 × 768 தனித் தெளிவுத்திறனாகச் சேர்த்துப் பாருங்கள். 1366 எட்டால் வகுபடாது, அதனால் பல கார்டுகள் 1360தான் கொடுக்கும், இரண்டு பக்கமும் மூன்று பிக்சல் கறுப்பாக நிற்கும். டிவியில் பழைய விஜிஏ சாக்கெட் இருந்தால் அதில் 1360 × 768 சுலபமாக எடுக்கும். எச்டிஎம்ஐயில் எடுக்காத டிவிகளும் உண்டு, அப்படியானால் 720ஐ வைத்து வீடியோவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இன்ச்சுக்கு 49 பிக்சல்தான், பொருந்தினாலும் கிட்டத்தில் வாசிக்க உகந்ததில்லை.

தெளிவுத்திறன் பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு. பட்டியலில் 4096 × 2160 தெரிந்தால் எடுக்காதீர்கள். அது சினிமா அளவு, 3840 அகலமுள்ள பேனலில் சுருங்கியோ வெட்டுப்பட்டோதான் வரும். எண்ணுக்குப் பின்னால் 'i' போட்ட 1080i இன்டர்லேஸ்டு (ஒன்று விட்டு ஒன்றாகக் கோடுகளை அனுப்பும் முறை), மெல்லிய கோடுகள் நடுங்கும்.

#10 கடிக்காத ஆப்பிள்

மேக் வைத்திருப்பவர்களுக்கு. டிவியைக் கண்டால் மேக் ஆர்ஜிபிக்குப் பதில் டிவி நிறமுறையில் அனுப்புவது உண்டு. நிறம் ஒரு மாதிரி, எழுத்து ஒரு மாதிரி இருப்பது அதனால்தான். சிஸ்டம் செட்டிங்ஸில் இதற்கு நேரடி சுவிட்ச் கிடையாது. பெட்டர்டிஸ்ப்ளே போன்ற செயலியில் நிறமுறையை மாற்றலாம்.

4கே டிவிக்கு '1920 × 1080 போல' என்று வைத்தால் சரியாக இரட்டிப்பு, எழுத்து கூர்மை. '2560 × 1440 போல' என்றால் பெரிதாக வரைந்து சுருக்கும். இடம் கூடும், கூர்மை ஒரு சொட்டுக் குறையும். டிஸ்ப்ளே பக்கத்தில் அண்டர்ஸ்கேன் (படத்தைச் சுருக்கும்) நகர்த்தி தெரிந்தால் அதைச் சுருக்கமே இல்லாத முனை வரை தள்ளிவிட்டு டிவியில் சரிசெய்யுங்கள். எம்1, எம்2 ஏர் வகைகளுக்கு வெளித்திரை ஒன்றே ஒன்றுதான். ஏற்கெனவே ஒரு மானிட்டர் இருந்தால் டிவி இரண்டாவதாக ஏறாது.

#11 பெங்குவின்விரல்

லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸ் என்றால் நிற எல்லை 'பிராட்காஸ்ட் ஆர்ஜிபி' என்ற பண்பில் இருக்கிறது. ஆட்டோவில் இருந்து ஃபுல்லுக்கு மாற்றுங்கள். லினக்ஸின் பழைய திரைமுறையான எக்ஸ்11இல் எக்ஸ்ராண்டர் கட்டளை வழியாக, புதிய திரைமுறையான வேலண்டில் ஓடும் கேடிஈ டெஸ்க்டாப்பில் திரை அமைப்புப் பக்கத்திலேயே. எக்ஸ்ராண்டரில் செய்தது மறுதொடக்கத்தில் போய்விடும், தொடக்க ஸ்கிரிப்டில் போடுங்கள். ஏஎம்டியின் திறந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1ஐச் சேர்க்க எடுத்த முயற்சியை எச்டிஎம்ஐ மன்றம் 2024இல் நிராகரித்தது. 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 போதும் என்பதால் இந்த இழையில் பேசுகிற வேலைக்கு அது இடிக்காது.

#12 மேசைவாசி

தூக்கம் பற்றியும் யாராவது எழுதுங்கள். மானிட்டர் மாதிரி டிவி தானாக உறங்கி விழிக்காது என்பதுதான் தினமும் எரிச்சலூட்டும் விஷயம்.

#13 கம்பிக்காரன்

ஆமாம். சிக்னல் நின்றால் மானிட்டர் உடனே உறங்கும், வந்ததும் விழிக்கும். டிவி 'சிக்னல் இல்லை' என்று சில நிமிடம் காட்டிவிட்டு முழுசாக அணையும், கணினி எழுந்தாலும் அது எழாது. ப்ளேயர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் டிவியை எழுப்புவது சிஇசி என்ற கட்டளைக் கம்பி வழியாக. கணினி கிராபிக்ஸ் கார்டுகளில் அது பொதுவாக இல்லை. நடுவில் செருகுகிற யுஎஸ்பி-சிஇசி அடாப்டர் உண்டு. இல்லாவிட்டால் ரிமோட்தான். ரிமோட்டைத் தொடாமல் 4 மணி நேரம் ஓடினால் அணைக்கிற அமைப்பும் பல டிவிகளில் இருக்கும், மெனுவில் தேடி நிறுத்துங்கள்.

அணைந்த டிவி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சிலது 19ஆம் ஊசியில் 'நான் இருக்கிறேன்' என்ற சிக்னலைக் கைவிடும். கணினி திரை போய்விட்டதாக நினைத்து எல்லாச் சாளரத்தையும் லேப்டாப்பில் குவிக்கும். விண்டோஸ் 11இல் டிஸ்ப்ளே பக்கத்தில், மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் கீழே, சாளர இடங்களை நினைவில் வைக்கும் தேர்வை இடுங்கள், திரும்ப இணைந்ததும் அதனதன் இடத்துக்குப் போகும். இன்னும் சிலது அணைந்த பிறகும் சிக்னலைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்போது நிரல் திறந்தும் காணோம் என்பீர்கள், அது இருட்டு டிவியில் திறந்திருக்கும். விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டோடு இடது அல்லது வலது அம்பு அழுத்தினால் இந்தத் திரைக்கு வரும். டிவி தேவையில்லாத நேரத்தில் விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' வைப்பது நல்ல பழக்கம்.

ஒலியும் இதோடு போகும். இணைத்ததும் ஒலி டிவிக்குத் தாவிவிடும், டாஸ்க்பாரின் ஒலிக்குறியில் திரும்ப மாற்ற வேண்டும்.

#14 சின்னத்திரை32

கம்பியில்லாமல் செய்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

#15 அரைஇருட்டு

வேறு தலைவலி வரும். விண்டோஸ் விசையோடு கே அழுத்தினால் மிராகாஸ்ட், அதிலும் திரையை நீட்டிக்க முடியும். ஆனால் படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டு 4:2:0இல் போகிறது, சிவப்பு எழுத்துக் கதை மறுபடியும் அங்கேயே வந்து நிற்கும். தாமதமும் கையில் தெரிகிற அளவு இருக்கும். விளக்கப்படம் காட்ட, வீடியோ பார்க்கச் சரி. தட்டச்சு செய்ய வேண்டாம்.

#16 பிக்சல்பித்தன்

டிவியில் ஆன்டெனா அல்லது கேபிள் கம்பியும் செருகியிருப்பவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். அந்தக் கம்பியின் உறைக்கும் கணினியின் உடம்புக்கும் மின் அழுத்த வேறுபாடு இருந்தால் எச்டிஎம்ஐ செருகும் கணத்தில் அது கேபிள் வழியாகப் பாயும். சாக்கெட் செத்துப்போவதும், ஸ்பீக்கரில் உறுமல் வருவதும் இதனால். மூன்று ஊசி பிளக், சரியான எர்த் இருக்கும் பலகை, டிவியும் கணினியும் ஒரே பலகையில். முதல் முறை இணைக்கும்போது ஆன்டெனா கம்பியைக் கழற்றி, இரண்டையும் அணைத்துவிட்டு எச்டிஎம்ஐ செருகி, அதன் பிறகு மின்சாரம் கொடுங்கள். கணினியின் உடம்பைத் தொட்டால் சுருக்கென்றால் எர்த்தைச் சரிசெய்யாமல் இணைக்கவே வேண்டாம்.

#17 ஓரத்திரை

டைப்-சி அடாப்டரில் 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது, மவுஸ் ஒட்டிக்கொண்டு போகிறது. இப்போது அவ்வப்போது திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது. வெள்ளைப் புள்ளிகளும் மின்னுகின்றன. 30இல் இது இல்லை. மவுஸ் லேப்டாப்புக்குப் போகும்போது ஓரிடத்தில் முட்டி நிற்பதும் உண்டு.

#18 கம்பிக்காரன்

30இல் இல்லாமல் 60இல் மட்டும் வந்தால் பெரும்பாலும் கேபிள்தான். இரட்டிப்பு வேகம் அதில் தாங்கவில்லை. அடாப்டருக்குப் பின்னால் அந்தப் பழைய கேபிளையே போட்டிருப்பீர்கள். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' சான்றிதழ் ஒட்டிய கேபிள் 18 கிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது, 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48க்கு. வெறும் '2.0 கேபிள்' என்ற அச்சுக்கு மதிப்பில்லை. 2 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. 5 மீட்டரைத் தாண்ட வேண்டுமானால் செப்புக் கம்பியை நம்பாமல் ஒளியிழைக் கேபிள் வாங்குங்கள். அதற்கும் திசை உண்டு, சோர்ஸ் என்று எழுதிய முனை கணினிப் பக்கம். இரண்டு கேபிளை இணைப்பானில் கோர்க்காதீர்கள்.

கேபிள் மாற்றியும் நீடித்தால் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதை மாற்றுங்கள்.

மவுஸ் முட்டுவது வேறு. டிஸ்ப்ளே பக்கத்தில் 1, 2 என்று இரண்டு பெட்டி தெரியும், அவற்றின் விளிம்பு ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும்தான் மவுஸ் கடக்கும். 4கே பெட்டி உயரமாக இருப்பதால் மேலேயோ கீழேயோ சுவர் மாதிரி நிற்கும். லேப்டாப் பெட்டியை இழுத்து, டிவி மேசைக்கு மேல் நிஜமாக எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு நேராக ஒட்டி, அப்ளை கொடுங்கள்.

#19 ஓரத்திரை

பெட்டியை இழுத்து ஒட்டியதும் மவுஸ் சரி. கேபிள் சொல்லியிருக்கிறேன், 1.5 மீட்டர், பிரீமியம் சான்றிதழ். அது வரும் வரை 30இல் ஓட்டலாமா, இல்லை 1080இல் 60ஆ?

#20 பிக்சல்பித்தன்

எழுத்து வேலைக்கு 4கே 30. மவுஸ் மட்டும்தான் தத்தும், எழுத்து பிக்சலுக்குப் பிக்சல் வரும். விரிதாளை நிறைய உருட்ட வேண்டியிருந்தால் 1080இல் 60 வையுங்கள். 4கே பேனலில் அது சரியாக நான்கு பிக்சலுக்கு ஒன்று, ஆனால் பெரும்பாலான டிவிகள் அப்படியே இரட்டிக்காமல் மென்மையாக்கித்தான் காட்டும், கொஞ்சம் மங்கும். மாற்றியதும் டிஸ்ப்ளே பக்கத்தில் அளவு எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள், 1080க்கு அது 100 ஆக இருக்கட்டும்.